மாட்டேன் என்ற பெட்டி

செங்கல்பட்டு,
செவ்வாய்க்கிழமை காலை

அன்புள்ள அரவிந்தனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் தங்கச்சி எழில் மூன்று பேரும் சுகம், அங்கே நீயும் சுவேதாவும் பாப்பாவும் சுகமாக இருக்கப் பெருமாள் துணை இருக்கட்டும். சுகம் என்று எழுதாமல் கடிதம் தொடங்கிப் பழக்கமில்லை, அதனால் எழுதினேன். உடம்புதான் சுகம். மனசைக் கேட்டால் வேப்பெண்ணெய் குடித்த வாய் மாதிரி இருக்கிறது. நேற்று நீ அம்மாவிடம் கேட்டாயாம், எழில் ஏன் பத்து நாளாக என் போனை எடுக்கவில்லை, நான் என்ன தப்பு செய்தேன் என்று. அம்மா வேலை அதிகம், தலைவலி என்று ஏதோ மழுப்பியிருக்கிறாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். போனில் சொன்னால் நான் கத்துவேன், நீ சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுவாய், அதனால் காகிதத்தை எடுத்தேன். பொறுமையாகப் படி, நடுவில் வேலை வந்தால் எடுத்து வைத்துவிட்டு மறுபடி படி.

எல்லாம் மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ ஜெர்மனியிலிருந்து சட்டைத் துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்தாயே அந்தக் கறுப்பு வைஃபை பெட்டி, அந்தச் சனியனால் வந்தது. உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். எழில் வீட்டிலிருந்தபடியே அமெரிக்க ஆஸ்பத்திரி பில்களுக்குக் கோட் நம்பர் போடுகிற வேலை பார்க்கிறாள் இல்லையா, அவள் கம்பெனியிலிருந்து ஜூலை கடைசியில் ஒரு மெயில். உன் வீட்டு ரவுட்டருக்குள் இருக்கிற ஃபர்ம்வேர், அதை ஓட்டுகிற புரோகிராம், பழசு, பாதுகாப்பு இல்லை, ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றாம் தேதியிலிருந்து கிண்டி ஆபீசுக்கு நேரில் வா என்று. புதுப் பெட்டி வாங்கிக்கொள்கிறேன் என்றால் அதைப் பதிவு செய்து ஒப்புதல் வர ஒரு மாதமாம், அந்த ஒரு மாதமும் ஆபீசுக்கு வர வேண்டுமாம், அப்புறம் திரும்ப வீட்டுக்கு அனுப்புவது மேனேஜர் இஷ்டமாம். இவள் ஜிஎஸ்டி ரோட்டில் ஸ்கூட்டரோடு விழுந்து முழங்காலில் தகடு வைத்து ஒன்பது மாதம்தான் ஆகிறது, இன்னும் ஆறு மாதத்துக்குப் படி ஏறாதே என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், இவள் எப்படி தினமும் செங்கல்பட்டிலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் போய்வருவாள்? அந்த மெயிலை எழுதினவனுக்கு முழங்கால் என்று ஒன்று இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம்.

சரி, புதுப்பிப்பதுதானே, என்ன பெரிய காரியம் என்று உட்கார்ந்தோம். எழில் கம்ப்யூட்டரில் அந்தப் பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து அப்டேட் பொத்தானை அழுத்துவாள், ஒரு வட்டம் சுற்றும், சுற்றும், அம்மா சோறு வடித்து முடிக்கிற வரைக்கும் சுற்றும், பிறகு சர்வரோடு பேச முடியவில்லை என்று ஒரு வரி வரும். பேச முடியவில்லையாம், யாரோ மூஞ்சைத் திருப்பிக்கொண்டு போன மாதிரி. உன்னைக் கேட்டோம். பழசாகிப் போனதால் தானாக எடுக்காது, நான் ஃபைல் அனுப்புகிறேன், கையால் ஏற்றுங்கள் என்றாய். ஏற்றினால் சிவப்பு எழுத்தில் கோப்பு பொருந்தவில்லை என்று வந்தது. இன்னொரு ஃபைல் அனுப்பினாய், அதற்கும் அதே சிவப்பு. பெட்டியை அணைத்துப் போட்டோம், ரீசெட் துளையில் ஊசியால் குத்திப் பார்த்தோம், ஒயரைப் பிடுங்கி அரை மணி நேரம் ஆற வைத்தோம், ஒரு நாள் நான் தலையிலேயே ஒன்று போட்டேன். மாட்டேன் என்றால் மாட்டேன். நான்கு கொம்பை நீட்டிக்கொண்டு பச்சை விளக்கில் கண்ணடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. 

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டது நினைவிருக்கும். பெட்டிக்கு அடியில் லேபிள் ஒட்டியிருக்கும், மாடலுக்குப் பக்கத்தில் வெர்ஷன் என்று ஒரு எண் போட்டிருக்கும், ஒரே மாடலில் மூன்று நான்கு வெர்ஷன் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஃபைல் வேறு, அந்த எண்ணைப் படித்துச் சொல்லுங்கள் என்றாய். நான் திருப்பிப் பார்த்தேன். மாடல் இருக்கிறது, சீரியல் நம்பர் இருக்கிறது, நீ சொல்கிற வெர்ஷன் கிர்ஷன் எதுவும் இல்லை என்றேன். நல்லாப் பாருப்பா என்றாய். பார்த்துவிட்டேன் என்றேன். எழிலை வீடியோவில் காட்டச் சொல்லட்டுமா என்றாய். எனக்கு வந்ததே ஒரு கோபம், முப்பத்திரண்டு வருஷம் ரயில்வேயில் சிக்னல் ரிலே ரூமில் நம்பர் படித்தே தலை நரைத்தவனுக்கு நீ லேபிள் படிக்கக் கற்றுக்கொடுக்கிறாயா, என் கண்மேல் நம்பிக்கை இல்லையா என்று கத்திவிட்டு போனை வைத்தேன். பாவம் நீ, எண் போடவில்லை என்றால் முதல் வெர்ஷனாகத்தான் இருக்கும் என்று அதற்கான ஃபைலை அனுப்பினாய். அதற்கும் சிவப்பு. இனிமேல் குருட்டாம்போக்காகப் போட வேண்டாம் என்று நிறுத்திவிட்டாய்.

பிறகு இன்டர்நெட் கம்பெனிக்கு போன் போட்டால் ஒரு மெஷின் ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்கிறது, அழுத்தி அழுத்தி விரல் தேய்ந்த பிறகு உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று பாட்டுப் போடுகிறது. தூ. நான்கு நாள் கழித்து ஜெயக்குமார் என்று ஒருத்தன் வந்தான், வாய் நிறைய பாக்கு. பெட்டியைத் தொடக்கூட இல்லை, தூர நின்று பார்த்துவிட்டு, இது ஃபாரின் பீஸு சார், எங்க பாக்ஸு இல்ல, உள்ள கடல் காத்து பூந்து உப்பு புடிச்சிகினு கீது, இன்னா பண்ணாலும் தேறாது என்றான். கடல் மாமல்லபுரத்தில் இருக்கிறது, நாம் செங்கல்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறோம், முப்பது கிலோமீட்டர் நடந்து வந்து உப்பு என் வீட்டுக் கூடத்தில் ஏறிக்கொண்டதா என்று கேட்டேன். காத்துக்கு இன்னா சார் டிக்கெட்டா எடுக்கணும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அன்றைக்கு இருந்த எரிச்சலில் அம்மாவையும் விடவில்லை. பெட்டி சமையலறை வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறதே, நீ இட்லி வேகவைக்கிற ஆவிதான் உள்ளே போய்க் கெடுத்துவிட்டது என்றேன். அவள் விடுவாளா, ஆமா, உங்க பெட்டிக்கு சளி புடிச்சிகினு கீதுன்னு நான்தான் தெனம் ஆவி புடிச்சேன் என்றாள். எழிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

யாரோ சொன்னார்கள் என்று பெட்டியை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மாமல்லபுரத்துக்கும் போனேன். அங்கே ஹோட்டல்களுக்கெல்லாம் வைஃபை போட்டுக்கொடுக்கிற தாவீது என்ற ஆள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்திருக்கிறார். பௌர்ணமி வேறு, திருக்கழுக்குன்றத்தில் மலை சுற்றப் போகிற கூட்டம் பஸ்ஸில் என் மடியிலேயே உட்காராத குறை, பெட்டியை நெஞ்சோடு கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். தாவீது நல்ல மனுஷன், டீ வாங்கிக் கொடுத்தார். பெட்டியைத் திருப்பினார், அடியைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார். பூஜ போட்ட பொருளு சார், பொட்டு வச்சிகிறீங்க, நான் எப்படி சார் சொரண்டறது, நீங்களே வூட்ல ஈரத்துணி வச்சி தொடச்சிப் பாருங்க, லேபிள்ல நம்பர் எதுனா மறஞ்சிகினு இருக்கும் என்றார். அதெல்லாம் பார்த்தாயிற்று, அங்கே ஒன்றும் இல்லை, உங்களால் முடியுமா முடியாதா என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. பொட்டைக் கண்டு பயப்படுகிறவனெல்லாம் ரிப்பேர்காரனா என்று திரும்பி வரும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். அந்த மனுஷன் வேறு மதம், என் பூஜைக்கு மரியாதை கொடுத்தார், நான் அவருக்கு ஒரு நன்றி சொல்லவில்லை. இதை எழுதும்போதே என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

முப்பத்தொன்றாம் தேதி நெருங்கிவிட்டது. எழில் முடிவு செய்துவிட்டாள், போகட்டும்பா, ஒரு மாசம் ஆபீஸ் போறேன், இதத் தூக்கிப் போட்டுட்டு புது பெட்டி வாங்கிப் பதிவு பண்ணிக்கலாம் என்றாள். சனிக்கிழமை காலையில் ஒத்திகை பார்க்கலாம் என்று என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வண்டி புறப்படுகிற இடம் இதுதானே, காலியாக நிற்கும், ஏறி இறங்கிப் பார்ப்போம் என்று. அரவிந்தா, அந்த வண்டிகளுக்கெல்லாம் சிக்னல் பார்த்தே காலம் தள்ளியவன் நான், பிளாட்பாரத்துக்கும் அந்தப் படிக்கும் எவ்வளவு உயரம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நல்ல காலை மேலே வைத்தாள், மற்றதை உடம்போடு இழுக்கப் பார்த்தாள், வரவில்லை. இரண்டு கையாலும் தன் முழங்காலைத் தானே தூக்கி உள்ளே வைத்தாள். பின்னால் நின்ற பூக்காரம்மா, இன்னாம்மா, வண்டி எட்த்துட்டா இன்னா பண்ணுவ, பாத்து ஏறு கண்ணு என்று முதுகைத் தாங்கினாள். இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி, என் தோளில் முழு பாரத்தையும் போட்டு இறங்கினாள். மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. முடியுதுப்பா, பழகிடும் என்றாள். நான் டைம்டேபிள் பார்ப்பது போல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் போய் அந்தப் பெட்டியை ஒயரோடு பிடுங்கினேன். காயலான் கடைக்காரன் தெருமுனையில் கத்திக்கொண்டு போனான், அவன் தராசில் எறிந்துவிட்டு வருகிறேன் என்று செருப்பைக்கூடப் போடாமல் கிளம்பினேன். அம்மா வாசலில் மறித்தாள். இன்னாங்க இது, பூஜ பண்ண பொருள பொட்டோடவா பழசுல போடுவீங்க, வூட்டுக்கு ஆகாது, தொடச்சிட்டு எட்த்துகினு போங்க என்று ஈரத்துணியைக் கையில் கொடுத்தாள். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், உடைந்த அரிவாள்மணையானாலும் குங்குமத்தைத் துடைத்துவிட்டுத்தான் வெளியே போகும். படியில் உட்கார்ந்து அடியைத் துடைத்தேன். மூன்று வருஷச் சந்தனம், ஒரு தோசைக் கனம், ஊறவைத்துத் தேய்த்தால்தான் வந்தது. வெள்ளை லேபிள் தெரிந்தது. மாடலுக்குப் பக்கத்தில், நீ சொன்ன அதே இடத்தில், வெர்ஷன் 3 என்று இருந்தது.

அந்தப் பொட்டை வைத்தது யார் தெரியுமா, நான். ஆயுத பூஜைக்கு ரிலே ரூமில் ஒவ்வொரு பேனலுக்கும் நான்தான் சந்தனம் குங்குமம் வைப்பேன், பழசைத் துடைக்க மாட்டோம், அதன்மேலேயே புதுசு வைப்போம், அது எங்கள் செக்‌ஷன் பழக்கம். வீட்டிலும் அப்படியே, மிக்சி, தையல் மிஷின், எழிலுக்குச் சோறு போடுகிற இந்தப் பெட்டி. மேலே வைத்தால் காற்றுத் துளை வழியாகத் தூள் உள்ளே விழுந்துவிடும் என்று பெரிய புத்திசாலி மாதிரி யோசித்து, அடியில் வழவழவென்று வெள்ளையாக இருக்கிற இடம் பார்த்து வைத்தேன். நீ போனில் கேட்டபோது நான் பொட்டைப் பார்த்தேன்டா, பார்க்கவில்லை என்று இல்லை. பொட்டு என்றால் பொட்டு, அதற்கு அடியில் எழுத்து இருக்கும் என்று தோன்றவே இல்லை. தாவீது வாயைத் திறந்து சொன்னபோதும் தோன்றவில்லை.

பெட்டியைத் திரும்ப மாட்டிவிட்டு, எழிலிடம் வெர்ஷன் மூன்றுக்கு ஃபைல் எடுத்துப் போட்டுப் பார் என்று மட்டும் சொன்னேன். போட்டாள். ஐந்து நிமிஷம், விளக்கெல்லாம் அணைந்து மறுபடி எரிந்தது, புதுசு ஏறிவிட்டது. அவள் கம்பெனிக்கு மெயில் போட்டாள், சாயங்காலமே சரி என்று பதில் வந்துவிட்டது. ஆபீசுக்குப் போக வேண்டாம். இதோடு முடிந்திருந்தால் நான் உனக்குச் சிரித்துக்கொண்டே போன் செய்திருப்பேன். எப்படிப்பா திடீர்னு எட்த்துகிச்சி என்று கேட்டாள். நான் கூசாமல் சொன்னேன், உங்க அண்ணன் தப்பான ஃபைலா அனுப்பிகினு இருந்திருக்கான்மா, சரியாப் பாக்கல என்று. ஏன் சொன்னேன் என்று கேட்காதே. காலையில் அவள் முழங்காலைக் கையால் தூக்கியதைப் பார்த்தேனே, அதற்குக் காரணம் நான்தான் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உன் பெயர் வந்துவிட்டது. தூரத்தில் இருக்கிறவன் தலையில் போடுவது சுலபம். அவள் தன் முழங்காலைத் தடவிக்கொண்டாள். அப்புறம், அண்ணனுக்கு என் காலு அவ்ளோதான் இல்லப்பா என்றாள். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். அதிலிருந்துதான் அவள் உன் போனை எடுப்பதில்லை.

அம்மாவுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அவள் இங்கிலீஷ் படிக்க மாட்டாள், ஆனால் நான் துடைத்துவிட்டுச் சிலை மாதிரி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். அந்தத் துணியைத் துவைத்துத் தினமும் என் துண்டுக்குப் பக்கத்திலேயே காயப்போடுகிறாள், மஞ்சள் கறை போகவில்லை. 

இன்னொன்று, இது உனக்குப் புரியும். ரிலே ரூமில் ஒவ்வொரு ரிலேவுக்கும், சிக்னலை மாற்றுகிற அந்த ஸ்விட்ச் பெட்டிக்கு, அடியில் வேறு வேறு மாதிரி ஊசிகள் வைத்திருப்பார்கள், தப்பான ரிலேவை எடுத்துச் செருகினால் உள்ளே போகாது, எவ்வளவு அழுத்தினாலும் போகாது. போயிருந்தால் சிவப்பு விழ வேண்டிய இடத்தில் பச்சை விழுந்துவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பது இதைத்தான், அது மாட்டேன் என்றால் உன் கையில் இருப்பதைப் பார், அதைத் திட்டாதே என்று. இந்தப் பெட்டியும் அதைத்தான் செய்தது. தப்பான ஃபைலை ஏற்றியிருந்தால் அது செத்தே போயிருக்குமாம், எழில் சொன்னாள். ஒரு மாதம் ஒழுங்காக வேலை செய்ததற்கு அது என்னிடம் அடி வாங்கியது, நீ வசவு வாங்கினாய், அம்மா வாங்கினாள், தாவீது வாங்கினார். என் சர்வீசில் பழுது எழுதுகிற ஃபெயிலியர் ரிஜிஸ்டரில் காரணம் தெரியவில்லை என்று நான் எழுதியதே கிடையாது, அடுத்தவன் பெயரை எழுதியதும் கிடையாது. அந்தப் பெருமையோடு ரிட்டயர் ஆனேன். இப்போது எழுதுகிறேன், காரணம் பூவராகவன், அதற்குப் பிறகு பொய் சொன்னதும் பூவராகவன்.

இதை எழிலிடம் வாயால் சொல்லப் பத்து நாளாகப் பார்க்கிறேன், அவள் காபி கொண்டுவந்து வைக்கிறாள், சொல்ல வருகிறேன், சர்க்கரை போதுமா என்கிறாள், போதும் என்கிறேன். அதனால் இந்தக் கடிதத்தைக் கவரில் போட்டு ஒட்டாமல் அவளிடம் கொடுக்கப் போகிறேன். உன் ஊர்ப் பெயரை எனக்கு இன்றைக்கு வரைக்கும் தப்பில்லாமல் எழுத வராது, விலாசம் எப்போதும் அவள்தான் எழுதுவாள். ஒட்டாத கவரை அவள் படிக்காமல் விட மாட்டாள், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். இது உன் கைக்கு வந்து சேருவதற்கு முன்பே அவள் உனக்கு போன் செய்தால், படித்துவிட்டாள் என்று தெரிந்துகொள். அவள் என்னைப் பற்றி என்ன சொன்னாலும் கேட்டுக்கொள், அப்பா பாவம் என்று எனக்காகப் பரிந்து மட்டும் பேசிவிடாதே. நீ அப்படிச் செய்கிறவன் என்பதால்தான் உன் தலையில் போட எனக்குத் துணிச்சல் வந்தது.

குளிர் தொடங்கிவிடும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. பாப்பாவுக்கு இருமல் என்று சுவேதா சொன்னாளே, குளிர்ந்த தண்ணீர் கொடுக்க வேண்டாம். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருத்தருக்கொருத்தர் உண்மையாக, நிறைவாக இருக்க என் ஆசீர்வாதம், அம்மாவின் ஆசீர்வாதமும். ஆயுத பூஜைக்கு இந்த முறை அந்தப் பெட்டிக்கு நான் பொட்டு வைக்கப் போவதில்லை, எழில் மன்னித்தால் அவள் கையால் மேலே வைக்கட்டும், தூள் விழுந்தால் விழட்டும். மறந்துவிடாதே, அவள் போன் செய்தால் எந்த மீட்டிங்கில் இருந்தாலும் உடனே எடு.

இப்படிக்கு,
என் தப்புக்கு உன் பேரைச் சொன்ன அப்பா,
பூவராகவன்